கரப்பான்பூச்சிக்குச் சாவைப் பற்றி என்ன தெரியும்?

போன வாரம் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும். பிரஷர் மாத்திரை போட மறந்துவிட்டோமே என்று பாதித் தூக்கத்தில் ஞாபகம் வந்தது. முனகிக்கொண்டே எழுந்து போய் சமையலறை விளக்கைப் போட்டேன். சிங்க்குக்குக் கீழே தரையில் ஒரு கரப்பான்பூச்சி. நல்ல வளர்த்தி. ஓடவில்லை, ஒளியவில்லை, மீசையை மட்டும் மெதுவாக ஆட்டிக்கொண்டு நின்றது. மாத்திரை அட்டையை மேடையில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பின்பக்கமாகப் போய் ஒரே போடு. செருப்பு தரையில் பட்ட சத்தம் கேட்டது, பூச்சியைக் காணோம். அது எப்போது கிளம்பியது, எந்தப் பக்கம் போனது என்றுகூட என் கண்ணுக்குத் தெரியவில்லை. மேடைக்கு அடியில் இருந்த சந்தில் மீசை நுனி இரண்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஆடியது, அவ்வளவுதான்.

இத்தனூண்டு பூச்சிக்கு என்ன இத்தனை உயிர் ஆசை என்று நினைத்துக்கொண்டே போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்த வார்த்தை உறுத்த ஆரம்பித்துவிட்டது. உயிர் ஆசை. யாருக்கு ஆசை? எதன் மேல் ஆசை? நாளைக்கும் இருக்க வேண்டும் என்று அந்தப் பூச்சி நினைத்ததா? நாளை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியுமா?

கரப்பான்பூச்சி தப்பிக்கிற விதத்தை ஆராய்ந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் நடந்தது என்ன என்று ஓரளவு சொல்ல முடியும். அதன் பின்பக்கத்தில் இரண்டு குட்டிக் கொம்புகள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். அவற்றில் நுண்ணிய மயிர்கள் வரிசையாக இருக்கின்றன. பின்னாலிருந்து ஏதாவது பாய்ந்து வந்தால் அதற்கு முன்னால் காற்று தள்ளப்படும் இல்லையா, அந்தக் காற்றில் மயிர்கள் சாயும். எந்த மயிர் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதிலிருந்தே ஆபத்து வரும் திசை தெரிந்துவிடும். வயிற்றின் கடைசியில் ஒரு நரம்பு முடிச்சு, அங்கிருந்து கொஞ்சம் தடித்த நரம்புகள் நெஞ்சுப் பகுதிக்கு ஓடுகின்றன, அங்கேதான் கால்களை ஆட்டுகிற நரம்புகள் இருக்கின்றன. காற்று பட்டதிலிருந்து கால் கிளம்பும் வரைக்கும் ஒரு நொடியில் சுமார் இருபதில் ஒரு பங்குதான். செய்தி தலை வரை போய், அங்கே யாரோ உட்கார்ந்து யோசித்து உத்தரவு போட்டுத் திருப்பி அனுப்புகிற கதையே கிடையாது. தலை போன கரப்பான்பூச்சிகூட நாள்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பது தெரிந்த விஷயம்தானே. இந்த ஏற்பாடு உருவானது என் செருப்புக்காகவும் இல்லை. தேரை நாக்கை நீட்டுவதற்கு முன் எழும் காற்றையே இந்த மயிர்கள் கண்டுபிடித்துவிடும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். என் செருப்பை அந்தப் பூச்சியின் பின்பக்கம் ஒரு பெரிய தேரையாக எடுத்துக்கொண்டிருக்கும், அல்லது அதுகூட இல்லை, வெறும் காற்றாக.

ஆக, சாவைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் சாகாமல் தப்பித்தது. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் நான் சொல்ல வருகிற விஷயம் இருக்கிறது.

முதலில் வேறொரு கேள்வி. நிலைத்து இருப்பதுதான் நோக்கம் என்றால் உயிர் எதற்கு, கல்லே போதுமே? மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் மலைப் பகுதியில் கிடைத்த சிர்கான் படிகங்களுக்கு வயது சுமார் 440 கோடி ஆண்டு. பூமியே அதைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அந்தப் படிகம் எதையும் தின்னவில்லை, யாரைக் கண்டும் ஓடவில்லை, சும்மா கிடந்தது. இருந்து காட்டுகிற போட்டி வைத்தால் கல்லோடு எந்த உயிரும் ஜெயிக்க முடியாது. உயிருக்கு அந்த வசதி இல்லை, ஏனென்றால் உயிர் என்பது கிடக்கிற ஒரு பொருளாக இல்லாமல் நடந்துகொண்டே இருக்கிற ஒரு வேலையாக இருக்கிறது. நம் உடம்பில் செல்களின் சில்லறைக் காசு மாதிரி ஏடிபி என்றொரு மூலக்கூறு இருக்கிறது. எந்த நேரத்திலும் அது நம்மிடம் மொத்தமாகச் சில நூறு கிராம் இருந்தாலே அதிகம், ஆனால் அதையே உடைத்து உடைத்துச் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்குச் சுழற்றிவிடுகிறோம். அந்தச் சுழற்சி சில நிமிடம் நின்றால் கதை முடிந்தது. பம்பரம் சுற்றுகிற வரைக்கும்தான் நிற்கும். அப்படிப்பட்ட ஒன்று விழாமல் இருக்க வேண்டுமானால் அதை எப்போதும் எதாவது ஒன்று உந்திக்கொண்டே இருக்க வேண்டும். கல்லுக்குப் பசி தேவையில்லை.

சரி, அந்த உந்துதல் எங்கிருந்து வந்தது? பள்ளிக்கூடத்தில் படித்த பதில்தான், பரிணாமம். ஆனால் பல பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது என் குறை. பிழைக்க வேண்டும் என்ற ஆசை உயிர்களுக்கு முதலில் இருந்ததாம், அந்த ஆசையால் போராடிப் பிழைத்தனவாம். நடந்தது வேறு. தின்ன ஓடியது, தின்ன ஓடாதது, ஆபத்தில் விலகியது, விலகாதது என்று எல்லா வகையும் பிறந்தன. ஓடாததும் விலகாததும் பிள்ளைகுட்டி இல்லாமல் போய்ச் சேர்ந்தன. மிச்சம் இருப்பவர்களைப் பார்த்துத்தான் நாம் கேட்கிறோம், ஏன் எல்லோருக்கும் இவ்வளவு உயிர் ஆசை என்று. வந்து சேர்ந்த ரயிலுக்குள் ஏறி, யாருக்காவது ரயில் தவறிப்போனதா என்று கேட்கிற மாதிரி.

இதில் ஆசை என்று எதுவும் தேவையே இல்லை என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. 1967-ல் வெளிவந்தது, சால் ஸ்பீகல்மன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவில் செய்தது. பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸின் மரபுச் செய்தியைத் தாங்கும் மூலக்கூறான ஆர்என்ஏவை எடுத்து, அதைப் பிரதி எடுக்கிற நொதியையும் மூலப்பொருளையும் சேர்த்து ஒரு சோதனைக் குழாயில் விட்டார்கள். செல் இல்லை, பாக்டீரியா இல்லை, வெறும் மூலக்கூறுகள். கொஞ்ச நேரம் பிரதி எடுக்கவிட்டு, அதிலிருந்து ஒரு துளியை அடுத்த குழாய்க்கு மாற்றுவது, அப்புறம் அதிலிருந்து இன்னொன்றுக்கு. இப்படி 74 முறை. வேகமாகப் பிரதியானவைதான் அடுத்த துளியில் அதிகம் இருக்கும் என்பதைத் தவிர வேறு விதி கிடையாது. கடைசிக் குழாயில் கிடைத்த ஆர்என்ஏ தன் நீளத்தில் 83 சதவீதத்தை உதறிவிட்டிருந்தது. பாக்டீரியாவைத் தொற்றுவதற்கான பகுதியெல்லாம் போய்விட்டது, அந்தக் குழாய்க்குள் அதற்கு என்ன வேலை? பழையதைவிடப் பல மடங்கு வேகமாகப் பிரதியானது. வெளியில் இருந்து பார்க்கிற நமக்கு ஏதோ ஒன்று பிழைக்கத் துடித்துச் சுமையை இறக்கிவிட்டு ஓடிய மாதிரி இருக்கும். உள்ளே துடிக்க ஆளே இல்லை.

நடுவில் ஒன்று. தமிழில் பிழை என்றால் தப்பு, பிழைத்தல் என்றால் உயிர் தப்புதல், பிழைப்பு என்றால் வயிற்றுப்பாடு. தப்பு என்ற சொல்லையே பாருங்கள், தப்பு செய்வதும் தப்பு, ஓடித் தப்புவதும் தப்பு. அந்தக் குழாயில் நடந்தது அச்சுப்பிசகாமல் இதுதான். பிரதி எடுக்கும்போது எழுத்து பிழைத்தது, பிழைத்த சிலது பிழைத்தது. யோசித்து வைத்த சொற்களா, தற்செயலா என்பது மொழி அறிஞர்களின் பாடு, எனக்கு அந்த ராத்திரி இது போதுமான சந்தோஷத்தைக் கொடுத்தது.

இப்போது என் முக்கியமான சந்தேகத்துக்கு வருகிறேன். உயிர் வாழும் உந்துதல் என்று ஒருமையில் சொல்கிறோமே, அப்படி ஒன்று இருக்கிறதா? என் கணக்கில் இல்லை. இருப்பதெல்லாம் குட்டிக் குட்டி உந்துதல்களின் ஒரு மூட்டை. மூச்சு விடு, சூட்டிலிருந்து கையை எடு, உப்பைத் தேடு, உயரத்தில் விளிம்பைவிட்டுத் தள்ளி நில். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரே ஒரு அளவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சாவைப் பார்த்துக்கொண்டிருக்கிற உந்துதல் எதுவும் அந்த மூட்டைக்குள் கிடையாது.

மூச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் அடக்கினால் நெஞ்சு முட்டுகிறது, உதரவிதானம் தானாகவே இழுக்கத் தொடங்குகிறது, நம் பிடிவாதம் அதோடு உடைகிறது. ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் வரும் தவிப்பு இது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதால் அமிலத்தன்மை கூடுவதை முகுளத்தில் இருக்கும் செல்கள் கவனிக்கின்றன, அவைதான் கூப்பாடு போடுகின்றன. சாதாரண வாழ்க்கையில் அது ஏறினால் இது இறங்கியிருக்கும், அதனால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் நீருக்குள் மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொள்ளும் நீச்சல்காரர்களுக்கு என்ன ஆகிறது பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு நிறைய வெளியே போய்விடுகிறது, ஆக்சிஜன் ஒன்றும் பெரிதாகக் கூடுவதில்லை. உள்ளே போனதும் தவிப்பே வராமல் நிம்மதியாக இருக்கும், அந்த நிம்மதியிலேயே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். உயிரைக் காக்கும் ஒரு பொதுவான காவலாளி உள்ளே இருந்திருந்தால் அவன் கத்தியிருக்க வேண்டாமா? அவன் பார்ப்பது ஒரே ஒரு மீட்டரை. மீட்டர் சரியாக இருந்தால் அவனுக்கு எல்லாம் சரி.

மீட்டரே இல்லாத இடங்களும் உண்டு. பியர் கியூரி 1901-ல் ரேடியத்தைத் தன் கையில் பத்து மணி நேரம் கட்டி வைத்துப் பார்த்தார், தோல் வெந்தது, ஆனால் அதை வைத்திருந்த நேரத்தில் கையை உதறச் சொல்லி உடம்பு ஒன்றும் சொல்லவில்லை. அவரும் மனைவி மேரியும் ராத்திரி நேரத்தில் ஆய்வகத்துக்குப் போய் இருட்டில் ஒளிரும் அந்தக் குழாய்களை ரசித்துக்கொண்டு நிற்பார்களாம். மேரி 1934-ல் ரத்தம் ஊறாத நோயில் இறந்தார். தன்னைக் கொல்லக்கூடிய ஒன்று அவருக்கு அழகாகத் தெரிந்தது. மூதாதையர் யாரும் ரேடியத்திடமிருந்து ஓடிப் பிழைத்ததில்லை, அதனால் ஓடச் சொல்ல உள்ளே யாரும் இல்லை. உப்பு விஷயத்தில் நேர் எதிர். அட்ரீனல் சுரப்பியை எடுத்துவிட்டால் எலியின் உடம்பில் உப்பு நிற்காது, சீக்கிரம் செத்துவிடும். 1936-ல் கர்ட் ரிக்டர் என்ற ஆராய்ச்சியாளர் அப்படிப்பட்ட எலிகளுக்கு உப்புத் தண்ணீரையும் பக்கத்தில் வைத்தார், அவை அதைத் தேடித் தேடிக் குடித்து உயிரோடு இருந்தன. உப்புக்கு மீட்டர் உண்டு.

இந்த மூட்டை எவ்வளவு தனித்தனியானது என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். மூளையில் அமிக்டலா என்ற பகுதி இரண்டு பக்கமும் அழிந்துபோன ஒரு பெண்ணைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். பாம்பைக் கையில் எடுத்து நாக்கைத் தொட்டுப் பார்ப்பார், பேய் வீடு என்று வைத்த இடத்தில் சிரித்துக்கொண்டே முன்னால் நடப்பார். பயமே இல்லாத மனிதர் என்றுதான் நினைத்தார்கள். 2013-ல் வெளிவந்த ஆய்வில் அவருக்கு முகமூடி வழியாக 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு கொடுத்தார்கள். அலறிப்போய் முகமூடியைப் பிடுங்கக் கையை நீட்டினார். இதே பாதிப்புள்ள வேறு இரட்டைச் சகோதரிகளுக்கும் அப்படித்தான் ஆனது. பாம்புக்கு ஒரு கதவு, மூச்சுக்கு வேறு கதவு. ஒன்றைப் பூட்டினால் இன்னொன்று பூட்டுவதில்லை.

நான் ஒருமுறை தண்ணீரில் மூழ்கப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வயது இருக்கும், நீச்சல் குளத்தில் ஆழம் குறைந்த பக்கத்திலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து போனவன், கை நழுவி, காலை ஊன்றினால் தரை இல்லை. நண்பன் ஒருவன் பக்கத்தில் இருந்தான், அவனுக்கும் அரைகுறை நீச்சல்தான், ஆனாலும் என்னை நோக்கி வந்தான். அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது என் இரண்டு கையும் அவன் தலை மேல் இருந்ததுதான். அவனை அழுத்தி, அவன் மேல் ஏறி, நான் மேலே வந்தேன். அவன் கீழே போனான். பெரிய பையன் ஒருவன் பின்னாலிருந்து என் முடியைப் பிடித்து இழுத்து ஓரத்தில் போட்டான், நண்பனும் இருமிக்கொண்டே கரைக்கு வந்துவிட்டான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் சாகக் கூடாது என்று அந்த நேரத்தில் நினைத்தேனா என்று பல முறை யோசித்திருக்கிறேன். சத்தியமாக எதையும் நினைக்கவில்லை. அம்மா முகம் கண் முன்னால் வந்தது என்றெல்லாம் சொல்வார்களே, எனக்கு எதுவும் வரவில்லை. கை இருந்தது, கைக்குக் கீழே கெட்டியாக ஏதோ ஒன்று இருந்தது, அது அழுத்தியது. மூழ்குகிறவர்களின் கை எல்லோருக்குமே இப்படித்தான் கீழ்நோக்கி அழுத்தும் என்றும், அதனால்தான் காப்பாற்றப் போகிறவர்களை முன்பக்கமாக நெருங்காதே, முடிந்தால் கட்டையையோ கயிற்றையோ நீட்டு என்று பழக்குகிறார்கள் என்றும் வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்ததில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது, முழுசாக இல்லை. அவனிடம் நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, அவனும் கேட்டதில்லை.

உயிர் ஆசையைப் பற்றிப் பெருமையாக யாராவது பேசும்போது எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும். அதில் வீரமும் இல்லை, என் சம்மதமும் இல்லை.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். இந்த உந்துதல்கள் இலவசமாக வருவதில்லை. பயந்து ஓடுகிற நேரத்தில் மேய முடியாது, குஞ்சுக்கு ஊட்ட முடியாது. அதனால் ஆபத்து இல்லாத இடத்தில் பல தலைமுறை வாழ்ந்த உயிர்களிடம் பயம் கரைந்துபோய்விடுகிறது. டார்வின் 1835-ல் காலபகஸ் தீவுகளில் இறங்கியபோது மரக்கிளையில் உட்கார்ந்திருந்த ஒரு பருந்தைத் துப்பாக்கி முனையாலேயே தள்ளிவிட்டாராம், அதுவரை அது நகரவில்லை. மொரீஷியஸின் டோடோவும் அந்த ரகம்தான். டச்சுக்காரர்கள் 1598-ல் அங்கே வந்தார்கள். அவர்களும் கப்பல்களில் வந்து சேர்ந்த எலியும் பன்றியும் குரங்கும் சேர்ந்து நூறு ஆண்டுக்குள் அந்தப் பறவையைத் துடைத்துவிட்டார்கள். மனிதனைக் கண்டு ஓடவில்லை என்பதற்காக அதை முட்டாள் பறவை என்று பெயர் வைத்து இன்றுவரை கிண்டல் செய்கிறோம். ஓட வேண்டிய அவசியமே இல்லாமல் ஆயிரமாயிரம் ஆண்டு நன்றாக வாழ்ந்த பறவை அது.

ஓடுகிற உந்துதலை வேறொருவர் அணைத்துவிடவும் முடியும். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் குடலில்தான் முழுமையாகப் பெருகும், நடுவில் எலிக்குள் தங்கும். தொற்றிய எலிகளுக்குப் பூனை மூத்திர வாடை மேல் இருந்த வெறுப்பு போய்விடுவதை ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். எலிக்கு மற்றபடி பசி இருக்கிறது, தூக்கம் இருக்கிறது, அந்த ஒரு பயம் மட்டும் காணோம். மூட்டையிலிருந்து ஒன்றை மட்டும் உருவி எடுத்த மாதிரி.

சரி, உயிரே தன் உந்துதலைத் தானே அணைக்கும் இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அங்கேதான் இந்த விஷயம் எனக்கு உண்மையிலேயே விளங்க ஆரம்பித்தது.

கலிஃபோர்னியாக் கரைக்கு அப்பால் மான்டரே என்ற இடத்தில் கடலுக்கு அடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. 2007 மே மாதம் ஆராய்ச்சியாளர்கள் அனுப்பிய இயந்திரம் சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில் ஒரு பெண் ஆக்டோபஸைப் பாறை மேல் முட்டைகளோடு பார்த்தது. தழும்புகளை வைத்து அடையாளம் கண்டுகொண்டார்கள். அடுத்து வந்த நான்கு ஆண்டுகளில் மறுபடி மறுபடி போய்ப் பார்த்தார்கள், 2011 செப்டம்பர் வரைக்கும் அதே பாறை, அதே முட்டை, அதே தாய். 53 மாதம். ஒருமுறைகூட அது இரை தின்றதைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நண்டுகள் போனால் கையால் தள்ளிவிடும், இயந்திரக் கையால் நண்டுத் துண்டை நீட்டினாலும் வாங்கவில்லை. நிறம் வெளுத்து, தோல் தளர்ந்து, கண்ணில் புகை படர்ந்து, உடம்பு சுருங்கிக்கொண்டே வந்தது. அக்டோபரில் போனபோது பாறை மேல் கிழிந்த முட்டைக்கூடுகள் மட்டும் இருந்தன, தாய் இல்லை.

தாய்ப்பாசம் என்று கண்ணைத் துடைத்துக்கொள்வதற்கு முன்னால் இதையும் கேளுங்கள். 1977-ல் ஜெரோம் வோடின்ஸ்கி என்பவர் வேறொரு வகை ஆக்டோபஸில், முட்டையிட்ட தாயின் கண்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஜோடிச் சுரப்பியை அறுத்து எடுத்துப் பார்த்தார். அந்தத் தாய்கள் முட்டையை அப்படியே விட்டுவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தன, எடை கூடின, சாக வேண்டிய நேரத்தைத் தாண்டியும் வாழ்ந்தன. பசியை அணைக்கிற பொத்தான் அந்த உடம்புக்குள்ளேயே இருந்தது, உரிய காலம் வந்ததும் அதுவே அழுத்திக்கொண்டது.

ஆஸ்திரேலியாவில் ஆன்டெகினஸ் என்று எலி மாதிரி ஒரு பைப்பாலூட்டி இருக்கிறது. அதில் ஆண்களின் கதை இன்னும் மோசம். ஒரு வயதுகூட நிறையாது, இரண்டு மூன்று வாரம் இனச்சேர்க்கைப் பருவம் வரும், தூக்கம் சாப்பாடு எல்லாம் மறந்து அதே வேலையாக அலையும், உடம்பில் மனஅழுத்த ஹார்மோன் கட்டுக்கடங்காமல் ஏறி, முடி உதிர்ந்து, குடலில் புண் வந்து, நோய் எதிர்ப்பு நொறுங்கி, அந்த வட்டாரத்து ஆண்கள் அத்தனையும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் செத்துவிழும். பிள்ளைகள் பிறக்கும்போது அப்பாக்கள் ஒருவர்கூட உயிரோடு இருக்க மாட்டார்கள்.

நம் உடம்புக்குள்ளேயே செல்கள் அளவில் இது தினமும் நடக்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சி. எலிகன்ஸ் என்ற புழு வளரும்போது 1,090 உடற்செல்கள் உருவாகின்றன, அவற்றில் 131 செல்கள் குறித்த நேரத்தில், குறித்த வரிசையில் தாங்களாகவே சாகின்றன. ஆண் புழுக்களை விட்டுவிட்டால், எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131. சாகச் சொல்லும் மரபணுக்களைக் கண்டுபிடித்ததற்கும், இந்தக் கணக்கைப் போட்டதற்கும், இந்தப் புழுவை ஆய்வுக்குக் கொண்டுவந்ததற்கும் சேர்த்துத்தான் 2002-ல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் கருவிலும் விரல்களுக்கு நடுவில் இருந்த செல்கள் செத்ததால்தான் விரல் பிரிந்தது. மாட்டேன், நான் வாழ்ந்தே தீருவேன் என்று அடம்பிடிக்கும் செல்லுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் புற்றுநோய். ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண் 1951-ல் புற்றுநோயில் இறந்துவிட்டார். அவரைக் கொன்ற கட்டியிலிருந்து எடுத்த செல்கள் இன்றும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. உயிர் வாழ்வதில் வெற்றி பெற்றது எது என்று கேட்டால் அவற்றைத்தான் காட்ட வேண்டும்.

ஆக, அடுத்த தலைமுறைக்குப் பிரதி போய்ச் சேர எந்த உந்துதல் உதவியதோ அது மிஞ்சியது. நான் நாளைக்கும் இருப்பேனா என்பது அந்தக் கணக்கில் பெரும்பாலான நேரம் உதவியாக இருந்ததால் உள்ளே வந்தது, உதவாத இடத்தில் ஆக்டோபஸுக்கு ஆனதுதான். ஆசை என்று நாம் சொல்வது இந்த மூட்டையை வெளியிலிருந்து மொத்தமாகப் பார்க்கும்போது தெரியும் ஒரு தோற்றம், தூரத்தில் இருந்து பார்த்தால் எறும்பு வரிசை ஒரே கோடாகத் தெரிகிற மாதிரி.

மனிதர்களுக்கு மட்டும் இதன் மேல் இன்னொன்று ஏறிக்கொண்டது. சாவு என்ற சொல் நமக்குத் தெரியும். ஒரு நாள் நானும் போவேன் என்று உட்கார்ந்த இடத்தில் நினைத்துப் பார்க்க முடியும், அதற்காகக் காப்பீடு எடுக்க முடியும், உயில் எழுத முடியும், இதை எழுதிக்கொண்டு ராத்திரி விழித்திருக்க முடியும். ஆனால் அந்த அறிவுக்குக் கீழே கால்களோடு இணைப்பு எதுவும் போடப்படவில்லை என்பது என் அனுபவம். எனக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. டாக்டர் படம் போட்டு விளக்கினார், இதயத்துக்கு என்ன ஆகும், சிறுநீரகத்துக்கு என்ன ஆகும், பக்கவாதம் எப்படி வரும் என்று எல்லாம் புரிந்தது, தலையாட்டினேன். வாரத்தில் இரண்டு நாளாவது மாத்திரையை மறக்கிறேன். எதுவும் முட்டுவதில்லை, எதுவும் வலிப்பதில்லை, அந்த மீட்டர் எனக்குள் இல்லை.

அந்த ராத்திரியில் இன்னொன்றும் நடந்தது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மீசை நுனி ஆடிய சந்துக்குள் நான் துடைப்பத்தை விட்டேன். பூச்சி வெளியே வந்து நேராக என் கால் மேல் ஏறியது. பொதுவாகக் கடிக்காது, கொட்டாது, விஷம் கிடையாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். நான் குதித்த குதியில் முழங்கை சுவரில் இடித்து, துடைப்பம் ஒரு பக்கம் போய், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விளக்கை அணைத்துவிட்டு வந்து படுத்து, படபடப்பு அடங்கும் வரை உயிர் ஆசையைப் பற்றி ஆழமாக யோசித்தேன்.

காலையில் எழுந்து போய்ப் பார்த்தால் மாத்திரை அட்டை மேடை மேலேயே கிடக்கிறது. பிரிக்கவே இல்லை.